கஸ்தூர்பா ரோட்டில் பூ விற்ற அம்மாவுக்கு

போன ஞாயிறு காலை, ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் பணம் திரட்ட எங்கள் சபைப் பெண்கள் 12 பேர் பெங்களூரு கப்பன் பார்க்கைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஓடினோம். (ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்றித் தந்த போதகருக்குத் தனி ஸ்தோத்திரம்!) விக்டோரியா ராணி சிலையைத் தாண்டியதும் என் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. ஆறு வருஷம் பரணில் கிடந்தது, வேறென்ன செய்யும்?

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த நீங்கள், "இரும்மா, காலை நீட்டு" என்று சணலை அறுத்து, நாலு சுற்றுச் சுற்றி, பூக்கட்டுகிற அதே முடிச்சைப் போட்டீர்கள். விஷயத்தைக் கேட்டதும் மடியிலிருந்து ஈரமான 50 ரூபாயும் எடுத்துக் கொடுத்தீர்கள்.

அவசரத்தில் பெயர் கேட்கவில்லை. கணக்கில் 'பூக்கார அம்மா, 50' என்றே எழுதியிருக்கிறோம். ரொம்ப நன்றிம்மா. முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. வீட்டுக்கு வந்து கத்தரியால்தான் வெட்டினேன்.