சேகருக்கு: ஃப்ளீட்வுட் மேக் யாருடைய குழு?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டே வரியில் முடித்துக்கொண்டு, மீதிப் பக்கங்களில் ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். குழந்தைக்கு என்ன பெயர் என்றுகூட எழுதவில்லை. தாயும் சேயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். விமலா ஒரு படம் அனுப்பச் சொல்கிறாள்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு அதிகம் படிக்காமல் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பாட்டுக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் கிடந்தேன். ஆகவே உன் வழக்குக்கு எதிர்வாதம் தயார்.

குழுவைத் தொடங்கிய கிடார்காரர் பீட்டர் கிரீன் 1970இல் விலகியதோடு குழு செத்துவிட்டது, பிறகு அந்தப் பெயரில் நடந்ததெல்லாம் வியாபாரம் என்கிறாய். கிரீனைப் பற்றி நீ எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். 1966இல் கிடார்காரர் எரிக் கிளாப்டன் விலகியதும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை வாசித்துவந்த ஜான் மேயாலின் குழுவில் அந்த இடத்துக்கு வந்து நின்றபோது கிரீனுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கிளாப்டன்தான் கடவுள் என்று லண்டன் சுவரில் எழுதிவைத்திருந்த காலம். அந்தக் கடவுளோடு கிரீன் வேகத்தில் போட்டி போடவில்லை. 'தி சூப்பர்நேச்சுரல்' கேட்டுப் பார்: ஒரே சுரத்தை மூச்சுமுட்ட நீட்டிக்கொண்டே போய், நாம் பொறுமை இழக்கும் நேரத்தில் அடுத்த சுரத்துக்கு இறங்குவார். அவருடைய 1959 லெஸ் பால் கிடாரில், கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப் ஒன்றின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒலி உள்ளொடுங்கி, மூக்கடைத்த குரல்போல் வரும். பழுது என்று வேறொருவர் கடைக்குக் கொண்டுபோயிருப்பார். கிரீன் அதையே தன் குரலாக்கிக்கொண்டார். பிறகு அந்தக் கிடார் கேரி மூருக்குப் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

இதுவரை நீயும் நானும் ஒரே கட்சி. ஆனால் 'அசல் குழு, அசல் குழு' என்கிறாயே, எதைச் சொல்கிறாய்? 1967 ஆகஸ்ட் 13 அன்று வின்ட்சர் திருவிழாவில் முதன்முதலாக மேடை ஏறியபோது பாஸ் கிடார் வாசித்தவர் பாப் பிரன்னிங். ஜான் மெக்வி அப்போதும் மேயாலிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். குழுவின் பெயரில் பாதி அவருடையது, ஆள்மட்டும் வரவில்லை. இன்னொரு கிடார்காரர் ஜெரமி ஸ்பென்சர், ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் ஸ்லைடு கிடார் வரிகளைக் கரைத்துக் குடித்தவர். பெரும்பாலும் அதையேதான் வாசித்தார். மூன்றாவது கிடார்காரர் டேனி கிர்வன் 1968 ஆகஸ்டில் சேர்ந்தார், வயது பதினெட்டு. நீ உயிராக மதிக்கும் 'அல்பட்ராஸ்' பாட்டு அதற்குப் பிந்தியது. அதில் ஸ்பென்சர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அசல் குழுதான் வேண்டும் என்றால் 'அல்பட்ராஸை' நீ விட்டுக்கொடுக்க வேண்டும். சம்மதமா?

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொன்று. அது ப்ளூஸா? பாட வார்த்தை கிடையாது, ப்ளூஸுக்கு வழக்கமான பன்னிரண்டு பார் (தாளக்கட்டு) கட்டமைப்பு கிடையாது. மிக் ஃப்ளீட்வுட் டிரம்ஸில் குச்சிக்குப் பதிலாகப் பஞ்சு சுற்றிய கோலால் மெத்தென்று தட்டுகிறார். அதற்கடியில் மெக்வியின் பாஸ் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குகிறது. மேலே இரண்டு கிடார்கள் மிதக்கின்றன. 1969 ஜனவரியில் அது பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதே ஜனவரியில் இவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? சிகாகோவில் செஸ் ஸ்டூடியோவில், ஓட்டிஸ் ஸ்பான், வில்லி டிக்ஸன் போன்ற பெரியவர்களோடு உட்கார்ந்து ப்ளூஸ் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஊரில் ரேடியோவுக்கு ஏற்ற பாட்டு விற்றுத் தீர்கிறது, இங்கே குருமார்களின் காலடி. வியாபாரமும் பக்தியும் ஒரே மாதத்தில் ஒரே ஆட்களிடம் இருந்தன. 'தென் ப்ளே ஆன்' ஆல்பம் வெளிவந்த 1969 செப்டம்பரில் கிரீனே தூய ப்ளூஸைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார். 'ஓ வெல்' பாட்டின் முதல் பாதி ராக். இரண்டாவது பாதியில் ஸ்பானிய கிடார் அழுகிறது. ப்ளூஸை முதலில் விட்டு நகர்ந்தவர் உன் தலைவர்தான்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மேயால் பரிசாகக் கொடுத்த ஸ்டூடியோ நேரத்தில் கிரீன், ஃப்ளீட்வுட், மெக்வி மூவரும் சில பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதில் ஒன்றுக்கு, டிரம்ஸ்காரர் பெயரையும் பாஸ்காரர் பெயரையும் ஒட்டி 'ஃப்ளீட்வுட் மேக்' என்று கிரீன் பெயரிட்டார். பிறகு குழுவுக்கே அதை வைத்தார். கிரீன் பெயரில் குழு இருந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். என்றாவது நான் போய்விட்டாலும் இவர்களுக்கு ஒரு பெயர் மிச்சமிருக்கட்டும் என்று கிரீன் நினைத்ததாக மிக் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1970 மே மாதம் கிரீன் போகத்தான் போனார். எல்.எஸ்.டி. போதைப்பொருளும் மனநோயும் அவரை எப்படிச் சிதைத்தன என்பது உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. ஆனால் குழுவை யாரிடம் விட்டுப்போக வேண்டும் என்பதைத் தெளிவாக இருந்த நாளிலேயே எழுதிவைத்துவிட்டார். அந்த உயிலை நீ செல்லாது என்கிறாய்.

நடுவில் வந்த ஆண்டுகளைப் பற்றி நீ பேசுவதே இல்லை. 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய ஸ்பென்சர் ஒரு மதக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். அடுத்த ஆண்டு கிர்வன் மேடையேற மறுத்து வெளியேற்றப்பட்டார். 1974இல் மேனேஜரே அந்தப் பெயரில் வேறு ஆட்களைக் கூட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்! பணத்துக்காக மட்டும் இருந்தவர்கள் அப்போதே கடையைக் கட்டியிருப்பார்கள்.

பிறகு குழுவில் சேர்ந்த, மெக்வியின் மனைவியாக இருந்த கிறிஸ்டினைப் பற்றி நீ எழுதியிருப்பதுதான் எனக்குக் கோபம் மூட்டியது. 'பாப் பாடகி' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டாய். அவர் சிக்கன் ஷாக் என்ற ப்ளூஸ் குழுவில் பியானோ வாசித்தவர். எட்டா ஜேம்ஸ் பாடிய 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்' பாட்டை 1969இல் பாடிப் பெயர் வாங்கியவர். 1968இல் உன் அசல் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் பியானோ வாசித்ததும் அவரே. 'யூ மேக் லவிங் ஃபன்' பாட்டில் அவர் கை விசைகளின்மேல் எப்படிப் பின்தங்கி விழுகிறது என்று கேள். அது எந்தப் பள்ளியில் படித்த கை?

1974 கடைசியில் மிக் ஒரு ஸ்டூடியோவைப் பார்க்கப் போகிறார். அங்கே ஒலிப்பதிவாளர் கீத் ஓல்சன், ஸ்டூடியோவின் ஒலி எப்படி என்று காட்டுவதற்காக ஒரு பாட்டைப் போடுகிறார். லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் சேர்ந்து செய்து, விற்காமல் போன ஆல்பத்திலிருந்து எடுத்த பாட்டு. தோற்றுப்போன இருவரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்வது என்ன வியாபாரத் தந்திரம் என்று நீதான் சொல்ல வேண்டும். 1975 ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

'ரூமர்ஸ்' ஆல்பம் அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது என்பதை நீ குற்றப்பத்திரிகையில் சேர்த்திருக்கிறாய். கோடிக்கணக்கில் விற்றது குற்றமென்றால் நான் வாதாடவில்லை. 'தி செயின்' பாட்டைமட்டும் ஹெட்போன் மாட்டி ஒருமுறை கேள். வெவ்வேறு துண்டு டேப்புகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய பாட்டு. ஐந்து பேர் பெயரிலும் இருப்பது ஆல்பத்தில் அது ஒன்றுதான். குரல்கள் அடங்கி எல்லாம் முடிந்ததுபோல் ஆனபிறகு, மெக்வியின் பாஸ் தனியாக உள்ளே வருகிறது. இறங்கி இறங்கி ஒரு சுற்று. அதே சுற்று மறுபடியும். டிரம்ஸ் பின்னாலிருந்து தள்ளுகிறது, பிறகுதான் பக்கிங்ஹாமின் கிடார் கத்திக்கொண்டு பாய்கிறது. அந்தப் பாஸை வாசிக்கும் விரலும் 'அல்பட்ராஸில்' மூச்சுவிட்ட விரலும் ஒன்றே. அந்த ஸ்டூடியோவில் மெக்வியும் கிறிஸ்டினும் மணமுறிவின் நடுவே இருந்தார்கள், பக்கிங்ஹாமும் நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். பாட்டில் வலி இல்லை என்று எப்படி எழுதினாய்?

1987 'டேங்கோ இன் தி நைட்' ஆல்பம் என்றால் நான் உன் பக்கம். மிக்கின் டிரம்ஸை அதில் பளபளப்பான மின்னொலிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது. விற்றதற்காக அதைக் குறைசொல்லவில்லை; மிக், மெக்வி இரண்டு பேரின் தாளம் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி. பக்கிங்ஹாம் சேர்ந்த புதிதில் மேடையில் 'ஓ வெல்' பாடிக்கொண்டிருந்தார். 1979இல் 'டஸ்க்' ஆல்பத்தில் கிறிஸ்டினின் 'பிரவுன் ஐஸ்' பாட்டின் கடைசியில், உறையில் பெயர்கூட இல்லாமல், ஒரு கிடார் கொஞ்ச நேரம் வந்துபோகிறது. அது பீட்டர் கிரீன். நீ செத்துவிட்டது என்று சொல்லும் குழுவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். 2020 பிப்ரவரியில் லண்டன் பலேடியத்தில் மிக் அவருக்காகக் கச்சேரி நடத்தியபோது மேயால், ஸ்பென்சர், கிறிஸ்டின் எல்லோரும் வந்தார்கள். கிரீன் வரவில்லை. ஜூலையில் போய்விட்டார்.

பிரவுன் ஐஸைக் கேட்டுவிட்டுப் பதில் எழுது. மறுக்க வேண்டுமானால் தாராளமாக மறுக்கலாம், ஆனால் மெக்வியை விட்டுவிட்டு எழுதாதே.

இன்னொன்று: என் 'தென் ப்ளே ஆன்' இசைத்தட்டு உன்னிடம்தான் இருக்கிறது. கிரீன் பக்தன் என்பதால் உனக்கே சொந்தமாகிவிடாது. அடுத்த மாதம் மாப்பிள்ளை கோவை வரும்போது அவரிடம் கொடுத்தனுப்பு. அட்டை மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி