முதல் தண்ணீர் பாய்லருக்கு

சேலம், குகை

கண்ணு,

தாத்தாவின் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்று நீ மூன்று தடவை போனில் வருத்தப்பட்டாய். அதை விடு. கடலில் இருந்த வரைக்கும் அவரும் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அவருக்குப் புரியும்.

"தாத்தாவுக்குச் சொந்த ஊர் எதும்மா?" என்று கேட்டாயே, ஆஸ்திரேலியக் குடியுரிமைப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பாய். போனில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

பிறந்தது பர்மாவில், ரங்கூனில், 1949. உன் கொள்ளுத் தாத்தாவுக்கு அங்கே மளிகைக் கடை. 1964-இல் ராணுவ அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் வெறும் காகிதமான பிறகு குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி என் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவார்: குவளையோடு குடிதண்ணீருக்கு வரிசையில் நின்றது.

சேலத்தில் நம் குகைப் பகுதியில் அவருடைய சித்தப்பா கைத்தறி போட்டிருந்தார். அதனால்தான் சேலம், வேறு காரணம் எதுவும் இல்லை. தெருவில் 'பர்மாக்காரப் பையன்' என்று பெயர் வந்தது. தறிக்குழியில் கால் தங்கவில்லை. 17 வயசில் கடற்படையில் சேர்ந்தார். சேலத்துக்காரனுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் டேம்தானே, எப்படிக் கப்பல் ஆசை வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "ஆசையா? மூணு வேளை சோறு போடறாங்கன்னாங்க" என்றார்.

விசாகப்பட்டினத்தில் பயிற்சி, அப்புறம் லோனாவாலாவில் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டது, அதன் பிறகு விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல். 1971 போரில் அந்தக் கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மீதி மூன்றை வைத்துக்கொண்டுதான் வங்காள விரிகுடாவில் ஓட்டினார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அதன் மேல்தளத்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் கிளம்பிப் போய், இன்றைய வங்காளதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு போட்டன. விமானத்தை உந்தி மேலே எறிவதும் ஆவிதான், கப்பலை ஓட்டுவதும் ஆவிதான். அப்பா கீழே பாய்லர் அறையில். பெரிய வீரக்கதை வரும் என்று நீ சின்ன வயசில் அவர் மடியில் உட்கார்ந்து "யுத்தம் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டாய். "சூடா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அவர் பார்த்த யுத்தம், ஆவியின் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் ஏறி இறங்கிய முள். ஏழு வருஷத்துக்கு முன்னால் குவளையோடு அகதியாய்க் கடந்த அதே கடல் அது. காக்ஸ் பஜாருக்குக் கொஞ்சம் தெற்கே போனால் பர்மாக் கரை. அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. நான்தான் பிறகு மேப்பில் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. உனக்கு இதைச் சொன்னதில்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டுக்கு வருகிற ஆளை அப்பா என்று கூப்பிடச் சொன்னால் எந்தக் குழந்தை கூப்பிடும்? 1981-இல் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது எனக்கு ஆறு வயசு. "இவரு எப்போ ஊருக்குப் போவாரு?" என்று பாட்டியிடம் கேட்டேனாம், அவர் காதில் விழும்படி. அவர் பதில் சொல்லாமல் என் ஸ்கூல் யூனிஃபார்மை எடுத்து மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டார். மறுநாளும் போட்டார். நான் பத்தாவது முடிக்கும்வரை போட்டார். அவர் வந்த வருஷம்தான் கஞ்சமலைப் பக்கம் இரும்பாலை ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே வேலை கிடைத்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தாலும் இஸ்திரி போட்ட பிறகுதான் படுப்பார்.

மேட்டூர்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். தொட்டியில் குச்சி விட்டு அளந்து, நோட்டில் தேதியோடு குறிப்பார். ஒருநாள் நம் வீட்டில் குளிக்கவே இல்லாதபோது, நான்கு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கோடி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பிரசவம் ஆகி வந்திருந்த பெண் இருந்த வீடு. நான் கத்தினேன். "கப்பல்ல கடல் தண்ணியைக் காய்ச்சித்தான் நல்ல தண்ணி எடுப்போம். அது மொதல்ல பாய்லருக்கு, அப்புறம்தான் ஆளுக்கு. உப்புத் தண்ணி உள்ள போனா குழாய் போயிடும், குழாய் போனா கப்பலே நின்னுடும். இந்தத் தெருவுக்கு இப்ப பாய்லர் அந்தப் பச்சப்புள்ள" என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏற்காட்டில் பகோடா பாயிண்டுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? பக்கோடா கிடைக்கும் என்று நம்பி வந்து, அடுக்கி வைத்த கல்லைப் பார்த்து நீ அழுதாய். தாத்தா அதைவிட ஏமாந்து போயிருந்தார். "இதுவா பகோடா? ரங்கூன்ல இருக்கற ஷ்வேடகோன் கோயில் கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம், முழுக்கத் தங்கம் போத்தினது" என்று பஜ்ஜிக் கடைக்காரரிடமே சண்டை போட்டார், பாவம் அந்த மனுஷன். தாத்தா வாயிலிருந்து ரங்கூனைப் பெருமையாகக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஒரு அலுவலகத்தில், பிறந்த இடம் ரங்கூன் என்று பார்த்துவிட்டு, "நீங்க இந்தியர்தானா? ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பா கடற்படையில் கொடுத்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர்கள் புரட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்றது, 2014-இல் உடைத்தார்கள். அதன் இரும்பைக் கலந்து 2016-இல் பஜாஜ் வி பைக் வந்தபோது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். என்ன மாடல் சார் என்று பையன் ஓடி வந்தான். "வாங்க வரலப்பா, தொட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்றார். பெட்ரோல் டேங்க்மேல் கையை வைத்தார். "சில்லுனு இருக்கு" என்றார். அப்புறம் பஸ் பிடித்து வந்துவிட்டோம்.

சொந்த ஊர் என்ற கட்டம் வந்த படிவத்தில் எல்லாம் அவர் 'குகை, சேலம்' என்றுதான் எழுதினார். பிறந்த இடத்துக்கு 'ரங்கூன்'. இரண்டையும் எழுதத் தயங்கி நான் பார்த்ததில்லை. நீயும் படிவத்தை நிரப்பி அனுப்பு.

குழாயில் காற்று வருகிற சத்தம் கேட்கிறது. தண்ணீர் வரப்போகிறது. கோடி வீட்டுப் பெண் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தாத்தா தண்ணீர் கொடுத்தாரே அதே குழந்தைதான். அங்கே இரண்டு குடம் வைத்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

அம்மா