ரவுட்டரை நடுவீட்டில் வை

அம்பாசமுத்திரம்

எய்யா,

நீ அனுப்பிய ரவுட்டர் வந்து, மாட்டி, நன்றாக வேலை செய்கிறது. ஆச்சி கட்டிலில் சாய்ந்தபடியே உன் குட்டியை வீடியோவில் பார்க்கிறாள். படம் நடுவில் நிற்பதில்லை, குரல் அறுந்து அறுந்து கேட்பதில்லை. "எப்படிம்மா செஞ்ச?" என்று போனில் கேட்டாய். பேசும்போது எல்லாவற்றுக்கும் சரி, சரி என்பாய், அப்புறம் வேலையில் மறந்துவிடுவாய். நீயும் புனேயில் புது வீட்டுக்குக் குடி போயிருக்கிறாய். பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே கேமராவும் மாட்டியிருக்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடி.

கனெக்‌ஷன் கொடுக்க வருகிற தம்பிகளின் வேலை, பெட்டியில் பச்சை விளக்கு எரிவதோடு முடிந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள். ஆனால் பெட்டி எந்த இடத்தில் இருக்க வேண்டும், அதற்கு என்ன காவல் போட வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் குடியிருக்கிறவர்கள் பார்க்க வேண்டிய வேலை. நம் வீட்டில் நான் பார்த்தேன். உன் வீட்டில் நீ பார்க்க வேண்டும்.

நம் வீடு உனக்குத் தெரியும். தெருப்பக்கம் தார்சா, அப்புறம் பட்டாசால், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே நீளமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கேபிள் தெருவிலிருந்து வருகிறது என்பதற்காகத் தார்சாவில் ஜன்னல் ஓரமாகப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். வைஃபை அலையில் பாதி தெருவுக்கே போய்விடும். ஆச்சி படுத்திருப்பதோ இரண்டாங்கட்டில்.

போனில் அலையின் பலத்தைக் காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு கட்டு கட்டாக நடந்தேன். நீ என்னிடமே இயற்பியல் படித்தவன், அலையின் சக்தியைச் சொல்லும் டிபிஎம் கணக்கு உனக்குப் புரியும். தார்சாவில் −45, பட்டாசாலில் −58, இரண்டாங்கட்டில் −73, அடுக்களையில் −85. பத்து குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. தார்சாவுக்கும் அடுக்களைக்கும் வித்தியாசம் 40. அப்படியென்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அடுப்படிக்கு வந்து சேருகிறது. −65 அளவில் இருந்தால் வீடியோ தடையில்லாமல் ஓடும். −75-ஐத் தாண்டினால் திக்கும். −85-இல் வைஃபையின் பெயர் திரையில் தெரியும், வேலை ஒன்றும் நடக்காது.

சுவர் மட்டும் காரணமில்லை. ஆச்சி கட்டிலுக்கும் பட்டாசாலுக்கும் குறுக்கே இரும்பு பீரோ நின்றது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளிப் போட்டதுமே −73 என்பது −67 ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மதினிதான் ஒரு கை பிடித்தாள். அடுக்களைப் பரணில் வரிசையாக இருக்கிற என் சீர்ப் பாத்திரங்கள், குத்துப்போணி, அண்டா எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீர் அலையை உறிஞ்சும். இந்த அடைமழையில் சுவர்கள் ஈரம் இழுத்து நிற்பதும் கொஞ்சம் குறைக்கும்.

உன் வீட்டில் நீ வீடியோவில் சுற்றிக் காட்டியபோது கவனித்தேன். ரவுட்டர் டிவிக்குப் பின்னால் கிடக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பு. டிவியின் பின்பக்கத்தில் உலோகத் தகடு இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் ஒரு பட்டை இருப்பதும் அதே 2.4-இல்தான். மருமகள் பால் சூடு பண்ணுகிற நேரத்தில் உனக்கு மீட்டிங் அறுந்துபோகிறது என்றாயே, காரணம் இதுவாகத்தான் இருக்கும். அங்கிருந்து எடு. வீட்டின் நடுவில், நிற்கிற ஆளின் தலைக்கு மேலே, சுற்றிலும் வெற்றிடமாக இருக்கிற மரப்பலகையில் வை. இங்கே மாடக்குழியில் வைக்கலாம் என்று அப்பா சொன்னார்கள். வேண்டாம் என்றேன். மூன்று பக்கமும் சுவர், சூடு போக வழியில்லை. ஆன்டெனாவை நட்டக்குத்தலாக நிறுத்து. உளுந்துவடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகினால், குச்சி ஆன்டெனா, வடை அலை: பக்கவாட்டில்தான் பரவும், குச்சி நுனிக்கு நேரே அதிகம் போகாது. ஒரே தளத்து வீட்டுக்கு நேராக நிற்பதுதான் சரி.

தார்சாப் பெட்டியையே கழற்றி உள்ளே கொண்டுவந்திருக்கலாமே என்று நினைப்பாய். ஃபைபர் கேபிளை இந்த வீட்டு மூலைகளில் மடக்கி மடக்கி இழுக்க எனக்கு மனமில்லை. உறையெல்லாம் உரித்துவிட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெளிச்சம் ஓடுவது அதற்கும் நடுவில், 9 மைக்ரான் அளவுள்ள பாதையில். கூர்மையாக மடக்கினால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். அந்த வெளிச்சம் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது; அதனால் கழற்றிய முனைக்குள் எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். குட்டி தவழ ஆரம்பித்ததும் அந்த முனை அவள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்.

ஆகவே பழைய பெட்டி தார்சாவிலேயே இருக்கிறது. அதிலிருந்து ஒரு லேன் கேபிளை உத்திரத்தை ஒட்டி இழுத்து, நீ அனுப்பியதை இரண்டாங்கட்டில் வைத்திருக்கிறேன். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீட்டு நீளம் அதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். புதியதும் ரவுட்டராகவே இருந்தால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கருவிகளுக்கு ஐபி முகவரி (நெட்டில் அவற்றின் கதவு எண் மாதிரி) கொடுத்துக்கொண்டிருக்கும். தார்சாவில் இருக்கிற பிரிண்டர் உள்ளே இருக்கிற போனுக்குத் தெரியாது. அதனால் புதியதை 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற நிலைக்கு மாற்றினேன். இப்போது முகவரி கொடுப்பது பழையது மட்டும், புதியது அலை பரப்புகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அப்பா பட்டாசாலிலிருந்து புறவாசலுக்குப் பேசிக்கொண்டே நடந்தாலும் போன் தானாக மாறிக்கொள்கிறது.

செட்டிங்ஸுக்குள் போக, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதைத் தேடுகிற இடத்தில் அடிக்காதே, பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடி. போனில் செய்வதாக இருந்தால் முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடு. புது ரவுட்டரில் இன்னும் நெட் வரவில்லை என்று தெரிந்ததும் போன் நைசாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்கவே திறக்காது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பெட்டி கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டுகிறார்கள். ஆக்சஸ் பாயின்ட் ஆக்கியபிறகு ஸ்டிக்கரில் இருக்கும் முகவரி வேலை செய்யாமல் போகலாம். பழைய பெட்டியின் செட்டிங்ஸில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும், புது முகவரி அதில் கிடைக்கும். பின்னால் இருக்கிற ஊசித்துளையில் குத்தி ரீசெட் செய்வது கடைசி வழி. கம்பெனி கொடுத்த பெட்டியில் அப்படிக் குத்தினால், அவர்கள் உள்ளே போட்டுவைத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துபோகும். அவற்றை முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

உன் அடுக்கு மாடியில் சுற்றிலும் எத்தனையோ வைஃபை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடு ஒன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். அனலைசரில் பார், எது காலியாக இருக்கிறதோ அதைப் போடு. நம் வீட்டில் தார்சாப் பெட்டிக்கு 1, உள்ளே இருப்பதற்கு 11. ஆபீஸ் வேலைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்து. வேகம் அதிகம், நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. கேமராவுக்கு 2.4 போதும்.

இனிமேல் நான் சொல்வதை நிதானமாகப் படி.

இதில் இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று வைஃபையில் சேருவதற்கு. இன்னொன்று ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறப்பதற்கு. எல்லாரும் முதலாவதை மாற்றுகிறார்கள், இரண்டாவதைத் தொடுவதே இல்லை. பல பெட்டிகளில் அது 'அட்மின்' என்றே கிடக்கிறது. "நம்ம வீட்டுக்குள்ள யாரும்மா வரப் போறா" என்று நீ சொல்வாய். 2016-இல் மிராய் என்று ஒரு நச்சுநிரல் வந்தது. அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: தொழிற்சாலையில் போட்டுக் கொடுக்கும் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60-ஐக் கையில் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளையெல்லாம் ஏவி பல தளங்கள் நம்பியிருந்த ஒரே இடத்தைத் தாக்கியதில், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. வீட்டில் மாட்டி வைத்தவர்களுக்குத் தங்கள் கேமரா இந்த வேலை செய்கிறது என்றே தெரியாது. உன் பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே இருப்பதும் அதே மாதிரி ஒரு கேமராதான். எனக்கு இருக்கிற கவலை அதுதான்.

வைஃபை பாஸ்வேர்டும் சும்மா இல்லை. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஒருவர் வீட்டு வாசலில். அவர் அனுப்பவில்லை, அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். உன் இணைப்பில் என்ன நடந்தாலும் முதலில் உன் கதவைத்தான் தட்டுவார்கள்.

எனவே செட்டிங்ஸில் பாதுகாப்பு வகை என்று கேட்கிற இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூபிஏ2. பழைய டபிள்யூஈபி பக்கமே போகாதே, அதை 2001-லேயே உடைத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். குட்டி பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாம். முருங்கை, ரயில், தொன்னை, அமாவாசை என்பது போலச் சம்பந்தமில்லாத நாலு சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுது. வீட்டில் எல்லாருக்கும் நினைவு நிற்கும், வெளியாளுக்கு ஊகிக்க முடியாது.

டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடு. 8 இலக்க எண் ஒன்றைப் போட்டால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்ந்துவிடலாம். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு, போதுமே என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் முன்னால் இருக்கிற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. அதோடு முதல் நாலு இலக்கம் சரியா தவறா என்பதை ரவுட்டரே தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆக முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000. கூட்டினால் 11,000 முயற்சி. ஒரு கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையா! 2011-இல் இந்த ஓட்டை வெளியே தெரிந்தது. வகுப்பில் நிகழ்தகவு நடத்துகிற ஆசிரியர்கள் இதை ஒரு கணக்காகவே போடலாம்.

வெளியிலிருந்தே செட்டிங்ஸைத் திறக்க விடுகிற ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருந்தால் அதையும் அணை. ரவுட்டருக்குள் ஓடுகிற மென்பொருளுக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு, அப்டேட் வந்தால் போடு. கேமராவையும் வீட்டுக்கு வந்து போகிறவர்களின் போனையும் விருந்தாளிகளுக்கென்று தனியாகப் பிரித்து வைக்கிற கெஸ்ட் நெட்வொர்க்கில் விடு. உன் ஆபீஸ் லேப்டாப் தனியாக இருக்கட்டும்.

கரண்ட் விஷயம். இங்கே இரண்டு பெட்டிக்கும் சிறிய யூபிஎஸ் வாங்கிவிட்டோம். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். யூபிஎஸ் வாங்கும்போது வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. மலைப்பக்கம் இடி குமுற ஆரம்பித்தால் அப்பா யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் கரண்ட் வயரும் லேன் கேபிளும் கடத்தும்.

நெட் நின்றுபோனால் உடனே அணைத்துப் போடாதே, விளக்கைப் பார். எல்ஓஎஸ் என்று சிவப்பு எரிந்தால் வெளிச்சமே வீட்டுக்கு வரவில்லை, கேபிளில் எங்கோ பழுது. இங்கே தென்னை மட்டை விழும், குரங்கு பிடித்துத் தொங்கும். அதற்குப் புகார்தான் கொடுக்க வேண்டும். சிவப்பு இல்லாமல் நெட் மட்டும் இல்லையென்றால் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்.

மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செய். கேமராவின் பாஸ்வேர்டையும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் இன்றைக்கு ராத்திரியே மாற்றிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல். அப்புறம், பொங்கலுக்கு வரும்போது உன்னிடம் மிச்சம் இருக்கிற லேன் கேபிளைக் கொண்டு வா. நீங்கள் வந்தால் மச்சில்தான் படுப்பீர்கள், அங்கே −80-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா