கோயில் மண்டபத்தில் ஒரு மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள இலவச ஆலோசனை நிலையம் ஒன்றில் வாரம் ஒருநாள் தொண்டு செய்து வருகிறேன். எங்கள் வேலை என்ன என்பதை நம் மக்களில் பலர் அறியாதிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் ஆயா வந்தார். முதியோர் உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கின் விவரத்தாளை நான்காக மடித்து, ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். தாம் கேட்டே இராத ஓர் ஈமச்சடங்குக் காப்பீட்டுக்காக மாதந்தோறும் பணம் பிடிக்கப்பட்டு வந்ததை, அந்த வரியில் நான் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் அவர் அறிந்தார். "அரசாங்கம்தான் பிடிக்கிறது என்று இருந்துவிட்டேன் தம்பி" என்றார். புகார்க் கடிதம் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு படியை அவரிடமே கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை, விடப்போவதில்லை.

நாங்கள் நீதிமன்றத்தில் வாதாடுபவர்கள் அல்லர். வந்தவர் கையிலிருக்கும் தாளைப் படித்து, எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளுக்குள் போக வேண்டும் என்று சொல்கிறோம். இதில் நாள் கணக்குதான் உயிர்நாடி. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 30 நாட்களுக்குள் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச ஆணையத்திடம் முறையிட வேண்டும். தவறினால், தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கோரும் மனுவும் சேர்ந்துகொள்ளும். 20,000 ராண்டு வரையிலான கொடுக்கல் வாங்கல் வழக்கைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம் என்பதைக் கேட்டு வியக்காதவரை நான் பார்த்ததில்லை.

ஒருவருடைய குறையைத் தீர்ப்பதோடு இந்தப் பணி நின்றுவிடுவதில்லை. ஒரே குறை பல மேசைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும்போது அதுவே சான்றாகிறது. 1955-இல் பெண்கள் தொடங்கிய பிளாக் சாஷ் அமைப்பு, கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற நிறவெறிக் காலத்துப் பாஸ் சட்டத்தில் சிக்கியவர்களுக்காக ஆலோசனை மேசைகளை நடத்திய அமைப்பாகும். பிற்காலத்தில், உதவித்தொகையிலிருந்து பிடித்தம் செய்யப்படுவது குறித்த முறையீடுகளைத் திரட்டிப் போராடியது. அது தொடுத்த வழக்கில் 2017 மார்ச் 17 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், உதவித்தொகை வழங்குவதற்காகத் திரட்டப்படும் பயனாளிகளின் சொந்த விவரங்களை வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டது.

நம்மவர்கள் தயங்குவதற்குக் கூச்சமே முதற்காரணம். வீட்டுச் சங்கதி வெளியே போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். இங்கே சொல்வது எதுவும் வெளியே போவதில்லை. ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர்களுக்கும் படிவத்தின் ஆங்கிலம் வேறு மொழியாகத்தான் இருக்கிறது.

ஆகவே கோயில் நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பெரியவர்கள் தனியே ஓர் அலுவலகத்தைத் தேடிப் போகமாட்டார்கள். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும், பேசுவது பிறர் காதில் விழாதபடி ஒரு திரையும் கொடுத்தால் போதும். தாள்களோடும் பேனாவோடும் நாங்கள் வந்து அமர்ந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆலோசனை நிலையத் தொண்டர்,
சாட்ஸ்வர்த், டர்பன்