மலட்டுக் குளிசையை நம்பியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இனவாதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிராமத்து மக்களின் அறியாமைதான் வதந்திக்குத் தீனி, கல்வி வளர்ந்தால் இதெல்லாம் தானாக மறைந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அரச வைத்தியசாலைகளில் 32 வருடம் மருந்தாளராக இருந்தவன் நான், அதில் 6 வருடம் கிழக்கிலங்கை அம்பாறையில். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்தது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்ததைப் பார்த்த ஒருவர், சிங்களவரை மலடாக்கும் குளிசையை (மாத்திரையை) கலந்துவிட்டார்கள் என்று கத்தத் தொடங்கினார். காசுமேசையில் இருந்த இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டம் சூழ்ந்துகொண்டு போட்டீர்களா என்று கேட்க, மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஆம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதை ஒருவர் கைபேசியில் பிடித்தார். அந்த இரவே கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாளில் கண்டி திகனையில் முஸ்லிம்களின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நெருப்பு. அங்கே வாய்த்தகராறில் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்துபோனது உடனடிக் காரணம் என்றாலும், அதற்கு முன்பே மக்கள் மனதில் குளிசை ஏறி உட்கார்ந்திருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை, அப்புறம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தபோது அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

மருந்தாளனாகச் சொல்கிறேன், ஒரு வேளைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒரு மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகத்தில் கிடையாது. பெண்கள் எடுக்கும் கருத்தடைக் குளிசையை நாள் தவறாமல் எடுக்க வேண்டும், நிறுத்தினால் மறுபடி கரு தங்கும். ஆண்களுக்கென்று அப்படி ஒரு குளிசை பாவனையிலேயே இல்லை. இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும். ஆனாலும் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மலட்டுக் குளிசைகள் பிடிபட்டதாக முகநூலில் வந்தபோது எத்தனையோ பேர் அப்படியே நம்பினார்கள்.

என்னோடு அம்பாறையில் வேலை செய்த சிங்களத் தாதி ஒருவர் அந்த வாரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சிங்களத்தில் என்னை அய்யே (அண்ணா) என்பார், நான் அவரை நங்கி (தங்கை) என்பேன், அப்படித்தான் பழகினோம். சுனாமி நேரம் எங்கள் வீட்டுக்குச் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு வந்தவர். இருபத்தைந்து வருடம் நோயாளிகளுக்குக் குளிசை எண்ணிக் கொடுத்த கை அவருடையது. அவர் கேட்கிறார், "அய்யே, உண்மையைச் சொல்லுங்கள், அப்படி ஒரு குளிசை இருக்கிறதா?"

இல்லை நங்கி, உனக்கே தெரியுமே என்றேன். ஒவ்வொரு மருந்தாகச் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், சரி என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார், "அது சரி அய்யே, ஆனால் டவுனில் கடை முழுக்க அவர்களுடையதுதானே."

குளிசையைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் பேசியது வேறு விஷயம். தாத்தா காலத்தில் கல்லோயாத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து குடியேறிய குடும்பம் அவர்களுடையது. மூத்த மகன் கொரியாவில், திரும்பி வருவானா தெரியாது. மகளுக்கு ஒரே பிள்ளை, இன்னொன்று வேண்டாம் என்கிறாள், வளர்க்கக் காசு எங்கே என்று கேட்கிறாள். தான் படித்த பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு இந்த வருடம் எத்தனை பிள்ளை சேர்ந்தது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்தது. வயல் செய்ய ஆளில்லை. விகாரையில் பெரஹெரா ஊர்வலத்துக்கு மேளம் அடிக்க வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வருகிறார்களாம்.

இதில் பொய் எதுவும் இல்லை, அவருடைய கிராமம் உண்மையாகவே வெறிச்சோடிக்கொண்டிருக்கிறது. தான் அறிந்த உலகம் கண்முன்னே குறைவதைப் பார்க்கிற மனிதருக்கு அதற்கு ஒரு காரணம் வேண்டும். கொரியாவும் விலைவாசியும் நெல்லுக்குக் கிடைக்காத விலையும் கோபப்பட முகமில்லாத காரணங்கள். யாரோ ஒருவன் கறியில் எதையோ கலக்கிறான் என்றால் முகம் கிடைத்துவிடுகிறது, அதுவும் தெருமுனைக் கடையிலேயே. நங்கி குளிசையை நம்பியதற்குப் படிப்பறிவுக் குறைவு காரணமே இல்லை. அவருடைய பயம் ஏற்கெனவே அங்கே இருந்தது, அது ஒட்டிக்கொள்ள ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தது.

இந்தப் பயத்துக்கு எண்ணிக்கை சொல்லிப் பலனில்லை என்பதையும் அன்றுதான் கண்டேன். 1881 குடிசன மதிப்பீட்டில் பௌத்தர்கள் 61 வீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள், 2012இல் 70 வீதத்துக்கு மேல். முஸ்லிம்கள் அந்த 2012 வரையும் 7 வீதத்திலிருந்து 10ஐக்கூடத் தொடவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "அது முழு நாட்டுக்கு அய்யே, எங்கள் ஊரில் வந்து பாருங்கள்" என்றார். நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச்சில் 2019இல் பள்ளிவாசல்களுக்குள் புகுந்து 51 பேரைக் கொன்றவன் எழுதி வைத்ததும் இதே பயத்தைத்தான், எங்கள் இடத்தை வேறொருவர் பிடிக்கிறார் என்று. நங்கியையும் அவனையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அவனைப் போன்றவர்கள் வளர்வது நங்கியைப் போன்ற நல்ல மனிதர்களின் பயத்தை யாரோ விடாமல் ஊதிக்கொண்டே இருப்பதால்தான்.

ஊதியவர்கள் படிக்காதவர்களா? 2019 மே மாதம், 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்த முஸ்லிம் வைத்தியர் என்று முதல் பக்கத்தில் போட்டது ஒரு தேசியப் பத்திரிகை. அந்தக் குருநாகல் வைத்தியரைக் கைது செய்தார்கள், குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் ஆதாரம் இல்லை. பிற்பாடு நிலுவைச் சம்பளம் கையில் கிடைத்தபோது, 2022இல் நாட்டில் மருந்தே இல்லாமல் தவித்த நேரம், அதை மருந்து வாங்கக் கொடுத்தார் அந்த மனிதர். அதைப் படித்த அன்று நான் அழுதேன். அடுத்து கொரோனா. அதில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று கட்டாயத் தகனத்துக்கு வழி சொன்ன நிபுணர் குழுவில் பேராசிரியர்களும் இருந்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களையும் எரித்தார்கள், பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையைக்கூட.

இதையெல்லாம் எழுதிவிட்டு எங்கள் தமிழர் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே கூடாது. 1990 ஒகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை 2 மணி நேர அவகாசத்தில் துரத்தினார்கள், வடக்கு முழுவதும் 70,000 பேருக்கு மேல். அந்த வருடம் கிழக்கில் தமிழ்க் கிராமங்களிலும் சாவு விழுந்தது, எங்களுக்கும் பயம் இருந்தது, காரணம் இல்லாத பயம் இல்லை. ஆனால் முஸ்லிம்கள் எல்லோரும் காட்டிக்கொடுப்பவர்கள் என்று சொன்னபோது நானும் நம்பினேன். என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட முஸ்லிம் நண்பரைப் பற்றியும் ஒரு வாரம் அப்படியே நினைத்தேன். அப்போது நான் படித்து முடித்து அரச உத்தியோகத்தில் இருந்தவன்.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது, அதில் செத்ததில் பலர் சின்னஞ்சிறு பிள்ளைகள். அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன வந்தது தெரியுமா? அதே குளிசைக் கதை, இந்தத் தடவை நல்ல தமிழில். போட்டவர் ஒரு பட்டதாரி ஆசிரியை, என் சொந்தத் தங்கை மகள். நான் குழுவில் பதில் போடவில்லை, அடுத்த நாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். செத்த பிள்ளைகளில் ஒன்று அவள் வகுப்புப் பிள்ளை என்று அங்கே போன பிறகுதான் தெரியும். நிறைய நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். குளிசையைப் பற்றிக் கடைசியில் இரண்டு நிமிடம். அன்று மாலை அவளாகவே அந்தச் செய்தியை அழித்துவிட்டாள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை இப்படி ஒன்று கிளம்பும்போது "மலட்டுக் குளிசையா? மக்கள் பீதி" என்று தலைப்பிடாதீர்கள், கேள்விக்குறியை யாரும் படிப்பதில்லை. அன்றைக்கே பக்கத்து வைத்தியசாலையில் ஒரு மருந்தாளரைப் பிடித்துக் கேட்டு, அப்படிக் குளிசை இல்லை என்பதையே தலைப்பாக, முதல் பக்கத்தில் போடுங்கள். அதோடு அந்த ஊருக்கு ஒரு நிருபரை அனுப்பி, பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளை, வயலில் யார், கொரியா போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். நங்கியின் கிராமத்துக்கு வர விரும்பினால் நான் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.