சிறுநீர்ச் சோதனையோடு இணைந்த வேலை கோரி மனு

அனுப்புநர்: சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் வட்டார மறுவாழ்வுப் பணியாளர்கள், டர்பன்

பெறுநர்: மாண்புமிகு சமூக வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்கள், குவாசூலு-நட்டால்

பொருள்: ‘ஷுகர்ஸ்’ பழக்கத்திலிருந்து மீள்வோருக்குச் சம்பள வேலை

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஷுகர்ஸ் என்பது மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்த தூள். சிகிச்சை முடித்து வீடு வந்தவருக்கு மறுநாள் காலை போக ஓரிடம் இல்லையென்றால், பழைய தெருமுனைதான் கதி. 2004 முதல் அரசு நடத்தும், வேலையற்றோருக்குத் தற்காலிக வேலை தரும் விரிவாக்கப் பொதுப்பணித் திட்டத்தில் இவர்களுக்கென இடம் ஒதுக்க வேண்டுகிறோம்.

வேலை மட்டும் போதாது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக் கென்னத் சில்வர்மன் குழு, ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு ஓராண்டு வேலை கொடுத்துச் சோதித்தது. சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் வேலை என்றிருந்தவர்களின் மாதிரிகளில் 79 விழுக்காட்டில் கொக்கைன் என்ற போதைப்பொருள் இல்லை; நிபந்தனையின்றி வேலை பார்த்தவர்களிடம் 51 விழுக்காடுதான்.

அங்கே தவறியவரின் கூலி இறங்கி, பிறகு படிப்படியாக ஏறும். இங்கே 2018-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொதுப்பணிக்கும் ஓர் அடிமட்டக் கூலி வைத்திருக்கிறது. அதில் கைவைக்கக் கூடாது. அதற்கு மேல் தரும் ஊக்கத்தொகையை மட்டும் சோதனையோடு கட்டுங்கள்.

ஹெராயின் சுவடு சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ஆகவே திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சோதனை வேண்டும். வாரம் ஒன்று என்றால் இடையில் நடப்பது தெரியாது. மாதிரி கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேறொருவருடையதாகவோ குழாய்த் தண்ணீர் கலந்ததாகவோ இருக்கலாம். கொடீன் கலந்த வலி மாத்திரையும் சோதனைப் பட்டையில் ஹெராயின்போலவே காட்டும். எனவே ஆய்வகம் உறுதிசெய்யும்வரை தொகையைப் பிடிக்க வேண்டாம். மெத்தடோன் அந்தப் பட்டையில் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு பட்டை உண்டு. மருத்துவர் சொல்லி மெத்தடோன் குடிப்பவரைத் தவறியவராக எழுதிவிடாதீர்கள், அது மருந்து.

ஒருமுறை தவறியதற்காக வேலைநீக்கம் கூடாது. சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. விரட்டப்பட்டவர் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஊக்கத்தொகை குறையட்டும், அடுத்தடுத்து மூன்று சோதனை தேறினால் பழைய அளவுக்கு வரட்டும்.

ஊக்கத்தொகையைச் சோதனை நாளன்றே வங்கிக் கணக்கில் போடுங்கள். தாமதித்தால் பலன் குறையும். கூலியை வாரந்தோறும் கொடுப்பது நல்லது. மாதக் கடைசி எப்போது வரும் என்பது தூள் விற்பவனுக்கும் தெரியும்.

சம்பளம் நின்றதும் பலர் திரும்பப் பழக்கத்தில் விழுகிறார்கள். ஆகவே ஓராண்டுக்குக் குறையாத ஒப்பந்தமும், அது முடியுமுன் வெளி முதலாளியிடம் மானியத்தோடு வேலையும் தேவை. முதலில் சாட்ஸ்வர்த்தில் 20 பேருடன் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் வட்டார மறுவாழ்வுப் பணியாளர்கள்