பயந்த நாட்களில் உடனிருந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு, கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகளும் ஸ்தோத்திரமும்.

எங்கள் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியே பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

37 வாரம் நிறையாமல் பிறந்தால் குறைப்பிரசவம் என்பார்கள். இவள் அதற்கும் வெகு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். இன்குபேட்டருக்குள் மூக்கில் குழாய், பாதத்தில் சுற்றிய பட்டையில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. மானிட்டர் கத்தும்போதெல்லாம் எனக்குப் பாதி உயிர் போய்விடும். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, "மெஷினையே பார்க்காதீங்கம்மா, பிள்ளையைப் பாருங்க. நிறம் நல்லா இருக்கா, நெஞ்சு ஏறி இறங்குதா, அதைப் பாருங்க" என்றார். பட்டை நழுவினாலும் அது கத்தும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். சிஸ்டர், அன்றைக்குத்தான் நான் கண்ணயர்ந்தேன்.

போதகர் ஐயாவுக்கு நன்றி. வராந்தாவில் நின்றபடி, "மரியாளே, பயப்படாதே, நீ தேவனிடத்தில் கிருபைபெற்றாய்" என்று தேவதூதன் சொன்ன ஒரே வசனத்தை வாசித்து, சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனார். பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை! விசுவாசம் இருந்தால் பயமே வரக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரியாளும் கலங்கினாள் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார். தூதன் வந்தான், சொன்னான், போய்விட்டான். அப்புறம் அவள் மலைநாட்டுக்கு விரைந்து போய், தன் உறவினளான எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். கிருபை பெற்றவளுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு அப்படி வாய்த்தவர் பெண்கள் ஐக்கியத்து அக்கா. ஆறுதல் வார்த்தை என்று ஒன்றும் சொல்லவில்லை. பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்தார். அதே குழாய், அதே போல ஒரு பொடிசு. "இவன்தான் இப்போ காலேஜ் போறான்" என்றார். அந்தப் பையனைக் கோயிலில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! கர்த்தருடைய தயவு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்தப் போட்டோவைத்தான் சொல்வேன்.

நடு இரவில் ரத்தம் கொடுக்க ஓடிவந்த வாலிபர் சங்கத் தம்பிகளே, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வது! எதிர்வீட்டு அண்ணனும் அண்ணியும் நம் சபையும் அல்ல, நம் மதமும் அல்ல. எங்கள் மூத்தவனைத் தங்கள் பிள்ளைகளோடு வைத்துக்கொண்டு, கிறிஸ்மஸ் நாடக ஒத்திகைக்கும் தவறாமல் கூட்டிப்போனார்கள். அவனுக்கு ஆட்டுக்குட்டி வேஷம், ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆனாலும் ஒருநாள் விட்டதில்லை.

பிள்ளை இப்போது நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். கங்காரு முறை என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தது. என் கணவரும் முறைபோட்டு உட்காருகிறார். பார்க்க வர ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கொஞ்சநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும்போது சளி, இருமல் இல்லாமல், கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். முத்தம் மட்டும் வேண்டாம், சரியா?

அன்புடன்,
உங்கள் சகோதரி